மாமன் வந்த வருஷமும் வயசுக்கு வந்த வருஷமும்

அடுத்தவர் சொல்வதை அப்படியே எழுதுவதுதான் என் தொழில். சொல்வது சரியா தப்பா என்று பார்ப்பது அதில் சேராது என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் பத்திரம் எழுதினேன். இடுப்பு வலி வந்தது, நிறுத்தினேன். வீட்டில் இருந்தால் ஏதாவது சண்டை. மார்பகப் பரிசோதனை வேன் விடுகிற ஓர் அறக்கட்டளையில் ஆள் கேட்டார்கள், போனேன். விழுப்புரம், திண்டிவனம், நடுவில் இருக்கிற ஊர்கள் என்று வேன் சுற்றும். வேனுக்குள் எல்லாரும் பெண்கள்: ஒரு டாக்டரம்மா, எக்ஸ்ரே படம் எடுக்கிற ஒரு பெண், கலா என்று ஒரு நர்சு. வேனுக்கு வெளியே, நிழல் கிடைத்த இடத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நான். வருகிற பெண்ணிடம் பதினாறு கேள்வி கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும்.

பெண்கள் முகாமில் ஒரு கிழவனை எதற்கு உட்கார வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்த ஆள் இருக்கு, பொறுமையா கேட்டு எழுத ஆள் இல்ல" என்றார்கள். பொறுமை என்னிடம் இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கேயாவது மேசை போட்டு அடுத்தவரைக் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர்களுக்கு நான் படுகிற பாடு புரியும். மற்றவர்கள் சும்மா படியுங்கள்.

எந்த உக்காரறது

முதல் முகாம் கண்டாச்சிபுரம். சந்தை நாள், கூட்டம். ஆறு கேள்வி வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. ஏழாவது கேள்வியைச் சீட்டில் இருந்தபடியே படித்தேன்: "பூப்பெய்திய வயது?" எதிரில் இருந்த பெண் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பூவா? இன்னிக்கு வைக்கலீங்களே" என்றாள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி எழுந்து போய்விட்டாள்.

கலா வேனிலிருந்து இறங்கி வந்து காதோரம் சொன்னாள்: "ஐயா, இது யாரு வூட்டுத் தமிழு? எப்ப உக்காந்தீங்கன்னு கேளுங்க. அதான் இந்தப் பக்கம் பேச்சு." எனக்குத் தெரியாதா? நானும் இந்தப் பக்கம்தான். ஆனால் ஒரு ஆம்பளை அந்தச் சொல்லை வாய் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. பெண் வயதுக்கு வந்ததை, தனியாக ஓலைக் குச்சில் உட்கார வைத்ததை, பெண்களே தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

வேறு வழியில்லை. அடுத்து வந்த பெண்ணிடம் சீட்டைப் பார்த்தபடியே கேட்டேன்: "எப்பம்மா உக்காந்தே?" அவள் பயந்துபோய்ப் பாதி எழுந்தாள். "இப்பத்தான் சார் உக்காந்தேன், எழுந்துக்கட்டுமா?" வரிசை முழுவதும் சிரித்தது. கடைசியில் நின்ற ஒரு கட்டை குட்டையான அம்மாள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்:

"பெருசு, எந்த உக்காரறதுன்னு சேர்த்துக் கேளு, இல்லன்னா நாங்க பொழுதுக்கும் எழுந்து எழுந்து உக்காந்துக்கினு இருப்போம்!"

பதிமூணு

வல்லத்தில் முகாம் முடிந்த சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார். சின்ன வயசு. என் மகளைவிடச் சின்னது. சீட்டுகளைச் சீட்டாட்டம் மாதிரி வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"ஐயா, ஏழாவது கேள்வியப் பாருங்க. முக்கால்வாசிப் பேருக்குப் பதிமூணு. மிச்சம் பதினாலு, பதினஞ்சு. நீங்களா போட்டுக்கறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இந்தக் கேள்வியால் யாருக்கு என்ன பிரயோஜனம், கிழவனை அசிங்கப்படுத்துவதைத் தவிர என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி விளக்கினார். பெண் வயதுக்கு வந்ததிலிருந்து மாதவிலக்கு நிற்கிற வரைக்கும் உடம்பில் ஒரு சுரப்பு ஓடுகிறது. அது மார்பில் இருக்கிற திசுவை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் அதிக வருஷம் ஓடும். அதிக வருஷம் ஓடினால் பிற்காலத்தில் மார்புப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும். கொஞ்சம்தான். வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கலா ஓரமாக நின்று கையுறைகளைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நீயாவது சொல்லம்மா என்றேன். "எல்லாருக்கும் பதிமூணுதான் ஐயா" என்றாள், திரும்பாமலே. டாக்டரம்மா சீட்டுகளை அடுக்கினார்.

"இது ஜாதகம் இல்லீங்க ஐயா, வரும்னு சொல்றதுக்கு. யாரை வருஷா வருஷம் விடாம கூப்பிட்டுப் பாக்கணும்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு வழி. அந்த வழி பூரா நீங்க பதிமூணு பதிமூணா கல்லு போட்டு வச்சிருக்கீங்க."

மாமன் பாஸ்போர்ட்டு

செஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற வேலையிலிருந்து நேராக வந்த பெண், நாற்பத்தைந்து இருக்கும், கையெல்லாம் செம்மண். ஏழாவது கேள்விக்கு "பதினஞ்சு" என்றாள். எழுதப் போனவன் நிறுத்தினேன். டாக்டரம்மா பேசியது உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

"அப்ப என்ன படிச்சே?"

"அஞ்சாவது. டீச்சருதான் துணைக்கு ஒரு பொண்ண போட்டு வூட்டுக்கு அனுப்புனாங்க."

"அஞ்சாவதுல பதினஞ்சு வயசா? எத்தினி தடவ பெயிலானே?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்கு பெயிலாவறேன்? கிளாஸ்லயே நான்தான் பர்ஸ்ட்டு, வேணும்னா போய்க் கேளு!" என்றாள். பிறகுதான் விஷயம் வந்தது. தாய்மாமன் குவைத்தில். தாய்மாமன் வந்து குச்சு கட்டி, சீர் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றினால்தான் அந்த வீட்டில் பெண் பெரியவள் ஆனதாகக் கணக்கு. மாமனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு முறை கிடைத்தது, அது அவன் கல்யாணத்துக்கே சரியாகப் போயிற்று. அடுத்த முறை வந்தபோதுதான் பந்தல். அதுவரைக்கும் யார் கேட்டாலும் "இன்னும் இல்ல" என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அவளுக்கே அதுதான் நிஜம்.

பத்திரம் எழுதினபோது மூலப் பத்திரம் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டேன். இங்கே மட்டும் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் தேதியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் எழுதினது பெண்களின் வயதே இல்லை, மாமன்களின் லீவு. அன்றிலிருந்து வயதைக் கேட்பதை விட்டேன். என்ன வகுப்பு, எந்த டீச்சர், பந்தல் போடுவதற்கு எத்தனை வருஷம் முன்னால் என்று கேட்டேன். பத்து வந்தது, பதினொன்று வந்தது. நிஜமான பதிமூன்றும் வந்தது. அன்று அந்த மல்லாட்டைப் பெண்ணின் சீட்டில் பதினைந்துக்குப் பதில் பத்து என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நான் இன்னா சார் பண்றது, எங்க வூட்ல நான் வயசுக்கு வந்ததே மாமன் பாஸ்போர்ட்டுலதான் குத்தியிருக்குது."

யாரோ ஒரு ஆளு

ஏழாவது கேள்வியை மட்டும் கலா கேட்டால் பெண்களுக்குக் கூச்சமிருக்காது என்று டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. எனக்கும் நிம்மதி. கோட்டக்குப்பத்தில் இரண்டு நாள் அப்படி நடந்தது. இரண்டு நாளும் திரும்பப் பதிமூணு, பதிமூணு, பதிமூணு. மூன்றாம் நாள் சீட்டுக் கட்டு என் மேசைக்கே வந்துவிட்டது. முந்தின நாள் பதிமூணு என்று சொல்லிவிட்டுப் போய், அன்று மறுபடி வந்த ஒரு பாய் வீட்டம்மா, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே "ஒம்பது. நாலாவது படிச்சேன்" என்றார். நேற்று நர்சிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அந்தப் பொண்ணோட நாத்தனார எங்க தெருவுலதான் குடுத்திருக்காங்க. நீங்க யாரோ ஒரு ஆளு, எழுதிக்கினு போயிடுவீங்க."

எட்டு போடுங்க

திண்டிவனம் முகாம். காலாண்டு லீவு. கலா தன் மகளைக் கூட்டி வந்திருந்தாள். தன்ஷிகா, மூன்றாவது படிக்கிறது. வெயில் கொளுத்துகிறது, பிள்ளைக்கு முழுக்கை ஸ்வெட்டர். கழற்றேன் என்றேன். "இருக்கட்டும் ஐயா" என்றாள் கலா. பிள்ளை என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்து, தோலைச் சீட்டுகள் மேலேயே போட்டுக்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. என் சீட்டையும் விடவில்லை.

"பூப்... பெய்... திய... தாத்தா, இதுன்னா இன்னா?"

பெரியவங்க சமாச்சாரம், சும்மா இரு என்றேன். நாற்காலியில் இருந்த பெண் சும்மா இருக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "உக்காந்தது எப்பன்னு கேக்கறாங்க பாப்பா. நீயும் பெருசானா சொல்லுவே" என்றாள். பதில் சொல்லிவிட்டு எழுந்து வேனுக்குள் போனாள்.

பிள்ளை மல்லாட்டையை வைத்துவிட்டது. யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டது. என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னது:

"எனக்கு எட்டு போடுங்க தாத்தா. யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு, நீங்க எழுதத்தானே செய்வீங்க."

வேன் படி

அன்றைக்கு அதற்குப் பிறகு நான் எழுதின சீட்டில் இரண்டு தப்பு. எனக்கு அது பழக்கமில்லை.

மேசையை மடக்கும்போது கலாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. "பாப்பா விஷயம் டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?" கொழந்த எதுனா உளறும், நீங்க அதப் போய் பெருசு பண்றீங்க என்றாள். நான் மேசைக்கால்களை மடக்கி வைத்தேன். அவள் வேன் படியில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகிறது என்றாள். புருஷனுக்குத் தெரியும், லாரியில் போயிருக்கிறான். மாமியார் வீட்டுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. ஆறாவது போனதும் பந்தல் போட்டு, அப்போதுதான் ஆனது மாதிரி ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு. மூன்றாவது படிக்கிற பிள்ளையைப் பெரிய மனுஷி என்றால் வீட்டுக்கு வீடு வந்து பார்ப்பார்கள், கோழிக்கறி போட்டு வளர்த்தாயா என்பார்கள்.

"அது போவட்டும். டாக்டரம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எங்கக்கா இருக்குதே ஐயா, விமலா." குரல் இறங்கியது. "போன வருஷம் பாண்டிச்சேரியில ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அதுவும் சின்ன வயசுலயே உக்காந்துடுச்சு. டாக்டரம்மாகிட்ட சொன்னா சீட்டுல எழுதுவாங்க. சீக்கிரம் ஆச்சு, பெரியம்மாவுக்கு இருக்கு அப்படின்னு. எழுதிட்டா எம் பொண்ணுக்கும் வரும்னு கையெழுத்து போட்டா மாதிரி ஆயிடும்."

"எழுதாட்டி வராதா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேள்வியில் தப்பில்லை, கேட்ட விதம் தப்பு. மேசை வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு, உங்களுக்கும் இருக்கும்: எதிரில் இருப்பது சீட்டு இல்லை, ஆள் என்பது பதில் வாங்கின பிறகுதான் ஞாபகம் வரும். கலா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"தெனம் அத்தினி பேருக்குச் சொல்றேன் ஐயா, ஜல்தியா வாங்க, பயந்துக்கினு வூட்ல உக்காராதீங்கன்னு. எம் பொண்ணுன்னு வரும்போது காலு பின்னாடி போவுது."

ஊருக்கு ஒண்ணு, நெசத்துக்கு ஒண்ணு

நாலு நாள் கலா என்னோடு பேசவில்லை. சீட்டை வாங்குவாள், போவாள். டாக்டரம்மாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். பிள்ளை என் காதில் சொன்னது எனக்கு மட்டும் சொன்னது. திரும்ப உட்கார்ந்தேன். ஆனால் பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தானே என்று அரித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் விழுப்புரத்தில் முகாம். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். முடி இப்போதுதான் முளைக்கிறது. கலாவின் ஜாடை, கொஞ்சம் மூத்தது. வரிசையில் நிற்காமல் நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு சீட்டு எழுதுங்க. பேரு விமலா" என்றாள்.

நீங்கள்தான் வைத்தியத்தில் இருக்கிறீர்களே, உங்களுக்கு எதற்கு என்றேன். "எழுதுங்க சார், வேலையப் பாருங்க" என்றாள். பரவாயில்லை, என் ரகம். எழுதினேன். ஏழாவது கேள்வி வந்தது.

"ஊருக்குப் பதிமூணு. நெசத்துக்கு ஒம்பது." அப்படியே தலையைத் திருப்பி வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய் கலா! உன் சீட்டுல எவ்ளோ போட்டு வச்சிருக்கே?"

கலா வேன் வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்ல தண்ணி ஊத்துனாங்க சார்" என்று என்னிடம் திரும்பினாள் விமலா. "செலவு மிச்சம்னு. எனக்குப் பதிமூணு, இவளுக்குப் பதினொண்ணு. ஆனது எப்பவோ, பந்தல் எப்பவோ. ஆஸ்பத்திரியில கேட்டேன், சீக்கிரம் ஆனதாலதான் எனக்கு வந்துச்சான்னு. அப்பிடி ஒரு காரணத்தக் கைய காட்டிச் சொல்ல முடியாதும்மான்னாரு. சரி. ஆனா ஒருத்தராவது முன்னாடி கேட்டிருந்தா, நீ கொஞ்சம் கவனமா இருக்கற ஆளும்மான்னு சொல்லியிருந்தா, கட்டி எலுமிச்சங்கா அளவு ஆவற வரைக்கும் ரவிக்கைய இழுத்து விட்டுக்கினு கேப்ப களத்துல நின்னுக்கினு இருந்திருப்பேனா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். விமலாவிடம் யார் சொன்னது, யார் வரச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. பிள்ளை எத்தனை பேர் காதில் சொல்லி வைத்திருந்ததோ. விமலா எழுந்தாள்.

"எனக்கோசரம் நீ ஒண்ணும் அழுவ வேணாம்டி. எங்கிட்ட யாரும் கேக்கல, உங்கிட்ட நான் கேக்கறேன். பாப்பா எப்ப உக்காந்துச்சு?"

எலும்பு

கலா அப்படியே உள்ளே திரும்பி டாக்டரம்மாவிடம் போனாள். திரைத்துணிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருக்க முயற்சி பண்ணினேன், முடியவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. எட்டு வயதில் என்றால் அதைச் சீக்கிரம் என்று மட்டும் சொல்லி விட முடியாது, ஏன் என்று பார்க்க வேண்டும் என்றார். பெரும்பாலும் பயப்படும்படி ஒன்றும் இருக்காது, சில பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கும். பிற்காலத்துப் புற்றுநோய் பற்றி இன்றைக்கு யோசிக்க வேண்டாம், அது முப்பது நாற்பது வருஷம் தள்ளி. அப்போது கவனமாக இருக்க, இப்போது நடந்ததை உள்ளபடி எழுதி வைத்தால் போதும். இன்றைக்கு அவசரம் வேறு. உடம்பு முன்னால் ஓடினால் எலும்பும் முன்னால் ஓடும், சீக்கிரம் முற்றிவிடும், பிள்ளை வளர்வது நின்றுவிடும். தேவைப்பட்டால் கொஞ்ச வருஷம் நிறுத்தி வைக்க ஊசி இருக்கிறது. ஆனால் எலும்பு மூடுவதற்கு முன்னால் போக வேண்டும்.

"ஆறாவது போனதும் விழா வெச்சிட்டு வர்றோம்மா" என்றாள் கலா. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே அழுதாள்.

"விழா நீங்க எப்ப வேணும்னாலும் வைங்க கலா, மாமன் வர வரைக்கும் எலும்பு காத்துக்கிட்டு இருக்காது."

வராண்டா

விழுப்புரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூப்பிட்டாள் கலா. படிவம் எழுத ஆள் வேண்டுமாம். நர்சுக்குப் படிவம் எழுதத் தெரியாதா? தெரியும். துணைக்கு வா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, சரி வருகிறேன் என்று சொல்ல எனக்கும் வரவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு போனேன்.

வராண்டாவில் கூட்டம். சளிப் பிள்ளை, காய்ச்சல் பிள்ளை, சுவரோரம் தரையில் அம்மாக்கள். உட்கார இடமில்லை. வாசலில் நின்ற நர்சு ஒவ்வொருத்தரிடமும் என்ன தொந்தரவு என்று கேட்டு எந்த அறை என்று அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. கலா ஏதோ முணுமுணுத்தாள். நர்சுக்குக் கேட்கவில்லை. "இன்னாம்மா?" மறுபடி முணுமுணுத்தாள். மறுபடி கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கலா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எம் பொண்ணு எட்டு வயசுல உக்காந்துட்டா" என்றாள். வராண்டா முழுவதும் கேட்டது. "எங்கக்காவுக்கு மார்ல கேன்சர். எனக்கும் ஒம்பதுலயே ஆயிடுச்சு. டாக்டரைப் பாக்கணும்."

தன்ஷிகா அம்மாவை அண்ணாந்து பார்த்தது. "அம்மா, இப்ப சொல்லலாமா?"

"சொல்லலாம்" என்றாள் கலா.

நர்சு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலாம் நம்பர் ரூம். முதல்ல கை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவாங்க, வளையலக் கழட்டி வைம்மா" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். இரண்டு மாதம் வீட்டையே கட்டிப்போட்ட சொல், அந்த வாசலில் ஒரு அறை எண்ணாகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தலையில் படம் ஒன்று எடுக்க வேண்டும், ஊசி போடலாம், காலம் கடந்துவிடவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். பிள்ளை இப்போது ஊசிக்குப் போய் வருகிறது. கலாவும், வேலைக்குச் சேர்ந்தபோது எழுதி வைத்திருந்த தன் சீட்டை என்னிடம் கொண்டுவந்து திருத்தி வாங்கிக்கொண்டு, வேனுக்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் எடுக்க வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அன்றைக்கு நாலாம் நம்பர் அறையைப் பார்த்து நாங்கள் நகர்ந்தபோது, எங்களுக்குப் பின்னால் நின்ற பெண், கிராமத்து ஆள், காய்ச்சல் என்று சொல்லிச் சீட்டு வாங்கியிருந்தவள், வரிசையை விட்டு வெளியே வந்தாள். கையைப் பிடித்தபடி ஒரு பெண் பிள்ளை. அதன் நெற்றியைத் தொட்டால் காய்ச்சல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கலாவின் தோளைத் தொட்டாள்.

"யக்கா, எந்த ரூம்னு சொன்னாங்க? எம் பொண்ணு ரெண்டாவதுதான் படிக்குது, நானும் உங்கூட வர்றேன்."

நாற்காலி போட்டு, மேசை போட்டு, பதினாறு கேள்வி அச்சடித்து நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கின நேரான பதிலை, உட்கார இடமில்லாத ஒரு வராண்டா கேட்காமலே வாங்கிவிட்டது.